வேலி மானைத்தான் தடுக்கும்

டெக்சாஸில், சான் அன்டோனியோவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கே ஆடு மாடு மாதிரி மான் வளர்க்கிறார்கள். பண்ணையைச் சுற்றி எட்டடி வேலி. பணம் கட்டினால் உள்ளே போய்ச் சுடலாம், யாரும் கேட்பதில்லை. ஆனால் வேறு மாநிலத்தில் ஒரு மானை வாங்கி வண்டியில் ஏற்றி வந்தால் மத்திய அரசே வழக்குப் போடுகிறது. மாடு வாங்கி வரலாம், மான் கூடாதா?"

கேள்வியில் பாதி வியாபாரம், பாதி உயிர்வேதியியல். வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

மான் கொம்பு மாட்டுக் கொம்பு போல ஆயுளுக்கும் நிற்பதில்லை. ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதன் கிளைகளின் நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்து கூட்டி மதிப்பெண் போடுவது அமெரிக்க வழக்கம். காட்டில் திரியும் வெள்ளைவால் மானில் 150 அங்குலம் கிடைத்தாலே சுவரில் மாட்டிவைப்பார்கள். பொறுக்கியெடுத்த பெற்றோர், செயற்கைக் கருவூட்டல், சத்துத் தீவனம் எல்லாம் சேர்ந்தால் பண்ணையில் 200 அங்குலத்தை எளிதாகத் தாண்டலாம். அப்படிப்பட்ட ஆண்மானை வேலிக்குள் சுடுவதற்கான கட்டணம் பத்தாயிரம் டாலருக்கு மேலும் போகும். ஒஹாயோ போன்ற வடமாநில மான்கள் டெக்சாஸ் மான்களைவிட உருவில் பெரியவை. ஆசை எங்கிருந்து வருகிறது என்று இனி விளக்க வேண்டியதில்லை.

2011-ல் கிழக்கு டெக்சாஸின் பண்ணைக்காரர் ஒருவர் குறைந்தது 37 வெள்ளைவால் மான்களை வெளிமாநிலங்களிலிருந்து கடத்தி வந்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அபராதமும் இழப்பீடுமாக 15 லட்சம் டாலர். கடத்தி வந்த மான்களோடு அவற்றின் குட்டிகள், உறைவிந்துக் குப்பிகள் வரை பறிமுதல். ஒரு மாநிலத்தின் வனவிலங்குச் சட்டத்தை மீறி எல்லை தாண்டிக் கொண்டுபோவதை 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் மத்திய அரசே வழக்குப் போடும் குற்றமாக்குகிறது. வெளிமாநில மான்களுக்கு டெக்சாஸ் இந்த 2011 வழக்குக்குப் பல ஆண்டுகள் முன்பே கதவை மூடிவிட்டது. காரணம் ஒரு நோய். பத்திரிகைகள் 'ஜாம்பி மான் நோய்' என்று பெயர் வைத்து வேடிக்கை காட்டுகின்றன. ஆய்வாளர்களிடம் அதன் பெயர் சி.டபிள்யூ.டி.; நாட்பட்ட மெலிவு நோய் என்று சொல்லலாம்.

முதலில் கண்ணில் பட்டது 1967-ல், கொலராடோவில், மியூல் மான்களை அடைத்து வைத்திருந்த ஓர் ஆய்வு மையத்தில். மான்கள் மெலிந்தன, எச்சில் ஒழுகியது, தலை தொங்கியது, செத்தன. தீவனக் கோளாறு என்று நினைத்தார்கள். எலிசபெத் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களின் கடைசியில் மூளையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது பஞ்சு போலப் பொத்தல்கள் தெரிந்தன. செம்மறிகளைச் சொறியவைக்கும் ஸ்க்ரேப்பி நோயிலும், பின்னாளில் பிரிட்டனின் பித்துப்பிடித்த மாடுகளிலும் காணப்பட்ட அதே பொத்தல்.

இதற்குப் பின்னால் பாக்டீரியாவும் இல்லை, வைரசும் இல்லை. அதே 1967-ல் லண்டனில் டிக்வா ஆல்பர், ஸ்க்ரேப்பி கிருமியின் மேல் புறஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார். டி.என்.ஏ.வோ ஆர்.என்.ஏ.வோ உள்ள எதுவும் சிதைந்திருக்க வேண்டிய அளவில் அது அசையவில்லை. அதே ஆண்டில் கணிதம் தெரிந்த ஜே.எஸ்.கிரிஃபித், ஒரு புரதம் தனியாகவே தொற்ற முடியும், வேதியியல் விதி எதையும் அது மீறவில்லை என்று எழுதினார். ஒரே ஆண்டில் கொலராடோவில் மானும் லண்டனில் விடையின் நுனியும்! இரண்டும் சந்திக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

இனி எனக்குப் பிடித்த இடம். கொஞ்சம் நின்றுதான் போவேன்.

தொற்றும் அந்தப் புரதத்துக்குப் பின்னாளில் வந்த பெயர் பிரியான். அதன் நல்ல வடிவம் மானுக்கும் உண்டு, உங்களுக்கும் எனக்கும் உண்டு. ஏறத்தாழ 210 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. நரம்புச் செல்லின் வெளிப்புறத்தில் ஒரு கொழுப்புக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் ஒரு பாதி மூன்று சுருள்களாக மடிந்திருக்கும், மறுபாதி தளர்வாக ஆடிக்கொண்டிருக்கும். இதே சங்கிலி, ஓர் அமினோ அமிலம்கூட மாறாமல், வேறொரு விதமாகவும் மடியலாம். அப்போது சுருள்கள் அவிழ்ந்து முழுவதும் தட்டையாகிவிடும். தட்டையான ஒரு மூலக்கூறின் மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது என 0.48 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கடுக்காக ஏறி ஓர் இழையாகும். குளிர்நிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த அடுக்கு 2021-ல்தான் தெளிவாகத் தெரிந்தது.

பனங்கற்கண்டு செய்பவர்கள் காய்ச்சிய பாகில் நூலைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் மூடி வைப்பார்கள். முதல் படிகம் நூலில் ஒட்டத்தான் தாமதம். ஒட்டிய பிறகு பாகிலுள்ள சர்க்கரை தானாக வந்து அமரும். எந்தக் கோணத்தில் அமர வேண்டும் என்பதைப் படிகத்தின் முகமே தீர்மானிக்கும். பிரியான் இழையின் முனையும் அப்படித்தான். பக்கத்தில் வரும் நல்ல புரதம் முனையைத் தொட்டதும் அவிழ்ந்து, அந்த முனையின் அச்சில் தட்டையாகி ஒட்டிக்கொள்கிறது. இப்போது அதுவே புதிய முனை. கற்கண்டில் நடக்காத ஒன்றும் இங்கே உண்டு: இழை நீண்டால் நடுவில் உடையும். ஓர் இழைக்கு இரண்டு முனை, உடைந்தால் நான்கு, அவை வளர்ந்து உடைந்தால் எட்டு. உயிரும் இல்லை, மரபணுவும் இல்லை. ஆனாலும் பெருகுகிறது! இருபது ஆண்டுகளாக இதை வாசித்து வருகிறேன், வியப்பு தீரவில்லை.

இனங்களுக்கு இடையே நோய் சட்டென்று தாவாததற்கும் காரணம் இந்த முனைதான். மானின் சங்கிலியும் மனிதனின் சங்கிலியும் சில இடங்களில் வேறுபடுவதால் ஒன்றின் அச்சில் மற்றது எளிதில் பொருந்துவதில்லை. சி.டபிள்யூ.டி. மனிதனைத் தொற்றியதாக இதுவரை உறுதியான ஒரு நிகழ்வும் இல்லை. பித்துப்பிடித்த மாட்டுக்கறியைப் பற்றியும் முதலில் இப்படித்தான் சொன்னார்கள், பிறகு 1996-ல், அது மனிதர்களுக்குத் தாவியிருக்கலாம் என்று பிரிட்டன் அரசே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் கவனம் வேண்டும், பீதி வேண்டாம்.

இப்போது வாசகரின் மாட்டுக்கு வருவோம். சந்தையில் மாடு வாங்கினால் காய்ச்சல் பார்க்கலாம், ரத்தம் எடுத்து எதிர்ப்பான் தேடலாம். பிரியான் நோயில் இரண்டும் பலிக்காது. புரதம் மானின் சொந்தப் புரதம், மடிப்புதான் வேறு. ஆகவே நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியனாகப் பார்ப்பதில்லை. பி.சி.ஆர். செய்ய மரபணுவே கிடையாது. தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கொழுகொழுவென்று, நல்ல கொம்போடு நிற்கும். நின்றபடியே எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் பிரியானைச் சிந்திக்கொண்டிருக்கும். உறுதியான சோதனைக்கு மூளைத் தண்டையும் தொண்டைப் பக்கத்து நிணநீர்க் கணுவையும் எடுக்க வேண்டும், அதாவது மான் செத்திருக்க வேண்டும். உயிரோடு மலக்குடலிலிருந்து துணுக்கு வெட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது. ஆரம்பக் கட்டத்தில் அது கோட்டை விடும். முதிர்ந்த ஆண்மான்களில் தொற்று பெண்மான்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. பண்ணைக்காரர் அதிக விலை கொடுத்து வண்டியேற்றுவதும் முதிர்ந்த ஆண்மானைத்தான்.

வேலிக்குள் ஒரே தொட்டியில் சோளம், ஒரே இடத்தில் உப்புக்கட்டி, பத்து மான் எச்சில் அதில். வேலிக் கம்பிக்கு அந்தப்பக்கம் காட்டு மான் வந்து மூக்கை உரசும். மான் செத்த பிறகும் முடிவதில்லை. களிமண்ணிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் துகளில் ஒட்டிய பிரியான், வாய்வழியாகப் போகும்போது தனியாக இருப்பதைவிடப் பல நூறு மடங்கு தொற்றும் என்று 2007-ல் வெள்ளெலிகளில் காட்டினார்கள். நோய் மான்கள் இருந்து இரண்டு ஆண்டுக்கு மேல் காலியாகக் கிடந்த அடைப்பில் விட்ட மான்களுக்கும் தொற்றியது. கொலராடோ மையத்தில் 1985-ல் எல்லா மானையும் கொன்று, மண்ணைப் புரட்டி, குளோரின் மருந்து தெளித்து, ஓராண்டு விட்டுவைத்துப் புதிய எல்க் மான்களைக் கொண்டு வந்தார்கள். சில ஆண்டுகளில் நோய் திரும்பிவிட்டது.

இப்படிப்பட்ட நோய்க்குக் கால்கள் மெதுவானவை, டீசல் வேகமானது. கனடாவின் சஸ்காட்செவனில் 1996-ல் நோய் தெரிந்த எல்க், தெற்கு டகோட்டாவிலிருந்து வாங்கி வந்த மந்தையின் வழி. கனடா எல்க்குகளோடு அது பசிபிக்கைத் தாண்டித் தென் கொரியாவில் 2001-ல் தெரிந்தது. அங்கே எல்க் வளர்ப்பது பெரும்பாலும் பிஞ்சுக் கொம்புக்காக; அரைத்துக் குடித்தால் வீரியம் வருமாம். மான் கொம்பில் வீரியம் இருந்தால் அதை உதிர்த்துவிட்டுப் போகும் மானுக்கு அது தெரியாமலா இருக்கும்? எல்லாப் பழியையும் வண்டி மேல் போடவும் முடியாது. நார்வேயில் 2016-ல் காட்டு ரெயின்டீர்களில் தெரிந்த வகை, வட அமெரிக்காவினுடையது அல்ல. அந்த நாடு தயங்கவில்லை. நோய் இருந்த மலைப்பகுதியின் ரெயின்டீர் கூட்டத்தை, இரண்டாயிரத்துக்கும் மேல், 2018-க்குள் முழுவதும் சுட்டுத் தீர்த்தது.

டெக்சாஸில் 2015-ல் ஒரு வளர்ப்புப் பண்ணையில் முதன்முதலாக நோய் தெரிந்தபோது, அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு மான்கள் ஏற்கெனவே போயிருந்தன. சட்டப்படி நடந்த விற்பனைக்குப் பதிவேடு இருந்ததால் தேடிப் பிடிக்கவாவது முடிந்தது. கடத்தி வந்த மானுக்குப் பதிவேடு எங்கே? எங்கள் வாசகருக்கு என் நேரடிப் பதில் இதுதான்.

ஒரு நல்ல செய்தி. நோயின் தந்திரத்தையே சோதனையாக்கிவிட்டார்கள். ஆய்வகத்தில் செய்த நல்ல புரதக் கரைசலில் சந்தேக மாதிரி ஒரு துளி விட்டு, குலுக்கி, நிறுத்தி, மீண்டும் குலுக்குவார்கள். மாதிரியில் ஓர் இழைத் துண்டு இருந்தாலும் அது வளரும், குலுக்கலில் உடையும், உடைந்தவை வளரும். இழையில் ஒட்டினால் ஒளிரும் தையோஃபிளேவின்-டி சாயம் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்.டி.-குயிக் என்று பெயர். இதற்கெல்லாம் அடிப்படையான பிரியான் கருத்தை 1982-ல் ஸ்டான்லி புரூசினர் சொல்வதற்குச் சற்று முன்புதான் அவருக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளை உதவியை நிறுத்தியிருந்தது. 1997-ல் நோபல். செம்மறியின் சொறி நோய்க்கு எதற்குப் பணம் என்று கேட்கும் குழுக்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன; நம் நாட்டில் நாற்காலி கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

வேலி வேட்டை சரியா என்ற கேள்விக்கு வேட்டைக்காரர்களே இரு கட்சி. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், தப்ப முடியாத வேலிக்குள் சுட்ட மானைத் தன் சாதனைப் பட்டியலில் ஏற்பதில்லை: மானுக்கு ஓடித் தப்பிக்க வழி இருக்க வேண்டும், இல்லையென்றால் அது வேட்டை இல்லை. மொன்டானா மக்கள் 2000-ல் வாக்களித்துப் பண்ணைகளில் பணத்துக்குச் சுடுவதை நிறுத்தினார்கள். எதிர்க்கட்சி வாதத்திலும் சத்து இருக்கிறது. சஹாரா ஓரத்தில் காட்டில் அற்றுப்போன கொடுவாள் கொம்பு ஆரிக்ஸ், டெக்சாஸ் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் பிழைத்திருந்தது. கோடியக்கரையில் நாம் பார்க்கும் வெளிமானும் 1930-களிலிருந்து அங்கே வேலிக்குள் இருக்கிறது. இங்கே சுட்டால் சிறை, அங்கே சுட்டால் ரசீது. இனத்தைக் காப்பாற்றிய பண்ணைகளுக்கு நான் எதிரி இல்லை. கொம்பின் அங்குலத்துக்கு விலை போட்டு, அந்த விலைக்காக மானை ஊர் ஊராக ஏற்றி இறக்கும் சந்தைக்குத்தான் எதிரி. வெள்ளைவால் மான் அழியும் இனமும் இல்லை, அதைக் காப்பாற்ற எட்டடி வேலியும் தேவையில்லை.

வாசகர் கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: அலுவலக நண்பர் தரும் மான்கறியை வாங்கலாமா? எந்த ஊரில் சுட்டது, சோதனைக்கு அனுப்பினாரா என்று கேளுங்கள். நோய் உண்டு என்று வந்த மானைத் தொடாதீர்கள். மூளை, முதுகுத்தண்டு, நிணநீர்க் கணுக்கள் சமையலறைக்குள் வரவே வேண்டாம். குக்கரில் நாலு விசில் கூட வைத்தால் போதுமா என்றால், போதாது: மருத்துவமனைக் கருவிகளில் பிரியானைக் கொல்ல 134 டிகிரி நீராவியில் 18 நிமிடம் வைக்கிறார்கள், அதிலும் கொஞ்சம் மிஞ்சுகிறது.