நான்காம் பகுதியில் ஏன் தடுமாறுகிறோம்? ஜாஸ் வரலாற்றைக் கேட்டுப் பழகுங்கள்

தருமபுரியில், ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குப் பயிற்சி அளிக்கிறேன். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கங்களிலிருந்து வரும் செவிலியர்களும் பொறியியல் பட்டதாரிகளும் கேட்டல் தேர்வில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அது நான்காம் பகுதி: ஒருவரே தொடர்ந்து பேசும் கல்லூரி விரிவுரை. 40 கேள்விகளில் 10 இதிலிருந்து வருகின்றன. ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். மதிப்பெண் குறைந்ததும் பலர் இன்னும் ஒரு கட்டு மாதிரித் தேர்வுகளை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதனால் காது பழகுவதில்லை, பதற்றம்தான் கூடுகிறது.

ஒரே பொருளைப் பற்றிய பல விரிவுரைகளைக் கேளுங்கள் என்கிறேன். அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையின் வரலாறு அதற்கு மிகவும் ஏற்றது. பம்பையும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முன்பின் தெரியாத பொருள் என்பதால்தான். காற்று மாசு பற்றிய விரிவுரை என்றால் பாதி விடைகளைக் கேட்காமலேயே ஊகித்துவிடலாம். ஜாஸில் அந்த வசதி இல்லை.

நம் சிக்கலின் வேர் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். அதுவரை காத்திருந்து பொருள் கொள்வது நம் பழக்கம். ஓசூர் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்களுக்கும் இதே பழக்கம்தான். ஆங்கில விரிவுரையாளரோ ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் புறப்பட்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். சிகாகோவுக்கு, 1922-இல், கிங் ஆலிவரின் இசைக்குழுவில் கார்னெட் என்ற ஊதுகருவியை வாசிக்க என்று மற்றவை பின்னால் வரிசையாக வரும். வாக்கியம் முடியட்டும் என்று காத்திருப்பவரிடமிருந்து ஆண்டு நழுவிப்போகும். ஆகவே வினை காதில் விழுந்ததும் பேனா நகர வேண்டும்.

இன்னொரு பொறி, திருத்திச் சொல்லப்படும் தகவல். லூயி ஆம்ஸ்ட்ராங் தாம் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே சொல்லி வந்தார். பின்னர் கிடைத்த ஞானஸ்நானப் பதிவேடோ 1901 ஆகஸ்ட் 4 என்று காட்டுகிறது. இந்த இடத்தை ஒலிக்கவிட்டால் மாணவர்களில் பலர் முதலில் கேட்ட தேதியை எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். முதல் ஜாஸ் இசைத்தட்டின் கதையும் இப்படித்தான். அது 1917-இல் நியூயார்க்கில் பதிவானது. வாசித்தது வெள்ளையர் குழு. ஆனால் அந்த இசையை வளர்த்தவர்கள் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்கள். இந்த முரணை விரிவுரையாளர் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். ஒரு பாதியை மட்டும் பிடித்தவருக்கு விடை தவறிவிடும்.

காரணமும் விளைவும் இந்த வரலாற்றில் நிறைய உண்டு. அமெரிக்காவின் தெற்கில் நிலவிய இனப் பாகுபாட்டிலிருந்து விலகி, வேலை தேடி வடக்கின் தொழில் நகரங்களுக்கு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சென்றார்கள். இசையும் அவர்களோடு சென்றது. பிழைப்புக்காகப் பெங்களூருவுக்குக் குடிபெயரும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்த நம் மாணவர்களுக்கு இந்தப் பகுதி சட்டென்று பிடிபடுகிறது.

பல்கலைக்கழகங்கள் இலவசமாக வெளியிடும் விரிவுரைகளிலிருந்து ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை எடுங்கள். வசன வரிகளை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் ஒருமுறை கேளுங்கள். பெயர், ஆண்டு, காரணம் மட்டும் குறியுங்கள். பிறகு அதைத் தமிழிலேயே யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். தொடர்பு அறுந்த இடம் அப்போது தெரியும். எழுத்து வடிவத்தைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். மறுநாள் அதே காலகட்டத்தைப் பற்றி வேறொருவர் பேசியதைக் கேளுங்கள். பெயர்கள் ஏற்கெனவே பழகிவிட்டதால் வாதத்தைப் பின்தொடரக் காதுக்கு இடம் கிடைக்கும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் போய்விடும் என்பதால் குறித்த சொற்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு ஒரு வாரமே இருப்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவர்கள் மாதிரித் தேர்வுகளையே எழுதட்டும். மூன்று மாதமாவது கையில் இருப்பவர்கள் முதல் இரண்டு மாதங்களை இதற்கு ஒதுக்குங்கள்.