ஆட்டுக்கால் சூப் குடல் புண்ணை ஆற்றுமா?

"மேடம், தினமும் எலும்பு சூப் கொடுத்தா புண் ஆறிடுமா?" பெங்களூரு அல்சூரில் உணவியல் ஆலோசகராக இருக்கும் என்னிடம், குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகும் குடல் அழற்சி நோயாளிகளின் அம்மாக்கள் கேட்காத வாரமில்லை. காலையிலேயே ரஸ்ஸல் மார்க்கெட் போய், தீயில் வாட்டிய கால் வாங்கிவந்து மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். எலும்பு முறிந்தாலும் காய்ச்சலில் கிடந்தாலும் நம் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது அந்தச் சூப்தானே.

ஒரு பையனுக்குப் பெருங்குடலில் புண். அழற்சியைக் குறைக்கும் மெசலமைன் மாத்திரையில் ரத்தப்போக்கு நின்றது. "இனி சூப் போதும்" என்று மாத்திரையை விட்டுவிட்டான். இரண்டு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி ஆஸ்பத்திரியில் படுத்தான். சூப்பால் வந்த கெடுதல் இல்லை அது, மாத்திரையை விட்டதால் வந்தது. வலியும் ரத்தமும் நின்றபிறகும் உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கலாம். மலத்தில் கால்புரோடெக்டின் (அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்) பரிசோதனை செய்தால் அது தெரியும். நன்றாக இருக்கிறோமே என்று தோன்றும்போதும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, சூப்பில் என்னதான் இருக்கிறது? எலும்பிலும் ஜவ்விலும் உள்ள கொலாஜன் வெந்து ஜெலட்டினாக இறங்குகிறது. செரிக்கும்போது அதுவும் மற்றப் புரதங்களைப் போலக் கிளைசின், புரோலின் என்று அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். நேராகப் போய்ப் புண்ணில் ஒட்டிக்கொள்ளாது. எலிகளில் அழற்சி குறைந்ததாக ஆய்வு உண்டு. மனிதர்களிடம் அப்படி நிரூபிக்கப்படவில்லை. குடலுக்கு நல்லது என்று விற்கும் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் கிரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், குறிப்பிடும்படி பலன் இல்லை. கால்சியமும் நினைப்பதுபோல் இறங்குவதில்லை, ஒரு டம்ளர் பாலில் பல மடங்கு அதிகம்.

அதற்காகச் சூப்பே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. வாய்க்கு எதுவும் பிடிக்காத நாட்களில் இரண்டு டம்ளர் சூப் உள்ளே போவது பெரிய விஷயம். வயிற்றுப்போக்கில் போன நீரும் உப்பும் கொஞ்சம் திரும்பும். ஆற வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிடுங்கள். மிளகும் மிளகாயும் குறைவாக இருக்கட்டும். ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்றால் உப்பையும் குறையுங்கள். உடம்புக்குக் கட்டாயம் வேண்டிய டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் கொலாஜனில் கிடையாது, அதனால் ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாகக் கொதிக்கவிடுங்கள். இல்லாவிட்டால் வெந்த கோழிக்கறியைப் பிய்த்துப் போடுங்கள்.

மலத்தில் ரத்தம், தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், எடை இறங்குவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே குடல் டாக்டரைப் பாருங்கள்.