பாலையாதல்: சொல் விளக்கம்

நிலம் சிதைந்து வளமிழப்பதைக் குறிக்கும் டெசர்டிஃபிகேஷன் என்ற ஆங்கிலச் சொல் தமிழ் இதழ்களில் பாலைவனமாதல், பாலைவனமாக்கல், பாலைவனப் பரவல் என்றெல்லாம் வருகிறது. முதல் இரண்டையும் ஓரளவு ஏற்கலாம். மூன்றாவது தவறு.

லத்தீனில் 'டெசர்ட்டும்' என்றால் கைவிடப்பட்ட இடம். அதனுடன் 'ஆக்கு' என்ற வினை சேர்ந்து பிறந்ததே இந்தச் சொல். பிரெஞ்சு வனவியலர் ஆந்த்ரே ஓப்ரெவில் 1949-இல் ஆப்பிரிக்கக் காடுகள் பற்றிய தம் நூலில் எடுத்தாண்ட பிறகு அது பரவலானது. சகாரா மணல் தெற்கே நகர்வதை அவர் பேசவில்லை. ஆண்டுக்கு 700 மி.மீ. முதல் 1500 மி.மீ.க்கு மேலும் மழை பெறும் இடங்களே, காடு அழிந்து மண் அரிக்கப்பட்டு நம் கண்முன் பாலையாகின்றன என்றார்.

பாலையாதலை எதிர்க்க 1994-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின் வரையறையும் இதையொட்டியதே: வறண்ட, அரைவறண்ட, உலர் துணை ஈரப்பத நிலங்களில் தட்பவெப்ப மாறுபாட்டாலும் மனிதச் செயல்களாலும் நேரும் நிலச்சிதைவு. ஓராண்டு மழையை, அதே காலத்தில் ஆவியாகவும் பயிர்வழி வெளியேறவும் கூடிய நீரளவால் வகுத்தால் 0.05 முதல் 0.65 வரை வரும் நிலங்கள் இதில் அடங்கும். 0.05-க்குக் கீழே உள்ள அசல் பாலைவனம் கணக்கில் இல்லை! அப்புறம் பரவல் எங்கிருந்து வரும்?

தமிழில் 'பாலை' என்ற சொல்லே இதற்குப் பொருந்தி நிற்கிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் "முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து" பாலை என்னும் படிவம் கொள்கின்றன. இருந்த இடத்திலேயே நிலம் இயல்பு கெடுகிறது. தார், சகாரா போன்றவற்றுக்குப் பாலைவனம் என்பதை வைத்துக்கொண்டு, இந்த நிகழ்வைப் பாலையாதல் என்பதே சரி. 'ஆக்கல்' என்றால் பழி முழுதும் மனிதன் மேல் விழும். 'ஆதல்' வானிலைக்கும் இடம் தரும்.

சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் திட்டமும் தப்பாகும். மணல் படையெடுக்கிறது என்று நினைத்தவர்கள் மரச்சுவர் எழுப்பினார்கள். 1970-களில் அல்ஜீரியா தொடங்கிய பசுமை அணையில் பெரும்பகுதி ஒரே வகைப் பைன் மரம். வறட்சியும் கம்பளிப்புழுவும் அதைப் பதம்பார்த்தன. 2007-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் அறிவித்த பசுமைப் பெருஞ்சுவரும் முதலில் மரவரிசையாகத்தான் கற்பனை செய்யப்பட்டது. பிறகு வயல், மேய்ச்சல் நிலம், மரம் எல்லாம் கலந்த நிலமீட்புத் திட்டமாக மாறியது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் யாதெங்கா பகுதியில் சிக்கல் மணல் அல்ல, மண்ணின் மேலோடு. தரிசு விடும் காலம் குறைந்து, விறகும் மேய்ச்சலும் செடிகொடியைத் தின்றபின், வெறும் மண்மேல் மழைத்துளி மோதி நுண்துகள்களைப் பிரிக்கிறது. அவை துளைகளை அடைத்துக் காய்ந்து இறுகுகின்றன. அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. இதற்கு அங்குள்ள உழவர்கள் கோடையில் வெட்டுவது 'ஸாய்' குழி: 20–30 செ.மீ. அகலம், 10–20 செ.மீ. ஆழம், குழிக்குக் குழி 60–80 செ.மீ. இடைவெளி. தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோல் குவித்து, குழியில் ஒன்றிரண்டு கைப்பிடி எரு இடுவார்கள். எருவைத் தேடி வரும் கரையான்கள் இறுகிய மேலோட்டைத் துளைக்க, மழைநீர் அந்த வழியே இறங்கும். விதைப்பது சோளம் அல்லது கம்பு. மணற்பாங்கான நிலத்தில் குழி சரிந்துவிடும். மழை மிகுந்தால் நீர் தேங்கி வேர் அழுகும். எரு இல்லாத வெறுங்குழி பெரிதாக விளைச்சல் தராது.

மண்ணில் உப்பைச் சேர்த்துப் பாசனமும் நிலத்தைக் கெடுக்கும். இங்கே உவர், களர் என்ற பழைய சொற்களைக் குழப்பக் கூடாது. உவரில் கரையும் உப்பு மிகுதி. வடிகால் அமைத்து நல்ல நீர் தேக்கி வடித்தால் போகும். களரில் மண்துகளோடு சோடியம் ஒட்டியிருக்கிறது, கார அமிலநிலை (pH) 8.5-க்கு மேல். வெறும் நீர் விட்டால் மண் இன்னும் இறுகும். மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்து, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை மடக்கி உழ வேண்டும்.

கொள்கை ஆவணங்களில் வரும் இன்னொரு தொடர் 'நிலச்சிதைவுச் சமநிலை'. 2015 நிலையைவிட நல்ல நிலத்தின் அளவு குறையக் கூடாது என்பது பொருள். நிலப்போர்வை (நிலத்தை மூடியிருப்பது காடா, பயிரா, வெறுமண்ணா என்பது), விளைதிறன், மண்ணின் கரிமக் கார்பன் என மூன்றையும் அளக்கிறார்கள். ஒன்று சரிந்தாலும் அந்த நிலம் சிதைந்ததாகவே எண்ணப்படும். இஸ்ரோவின் 2018–19 வரைபடத் தொகுப்பின்படி இந்தியாவில் சிதைந்த நிலம் 9.785 கோடி ஹெக்டேர், பரப்பில் 29.77 விழுக்காடு. 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேரை மீட்பதாக 2019-இல் அரசு அறிவித்தது. மரக்கன்று எண்ணிக்கையை மட்டும் காட்டி இந்த இலக்கை எட்டியதாகச் சொன்னால், மண்ணின் கரிமக் கார்பன் எவ்வளவு கூடியது என்று கேளுங்கள்.