அம்மா பேச்சைக் குறைத்தாரா, நிறுத்தினாரா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு மகள் தன் 74 வயது அம்மாவை என்னிடம் அழைத்து வந்திருந்தார். "முன்ன மாதிரி இல்லங்க. சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவுலேர்ந்து வெளியேறிட்டாங்க. சித்தி வீட்டு விசேஷத்துக்கும் வரமாட்டேன்னுட்டாங்க. மனச்சோர்வா இருக்குமோ?"

அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை என்ன செய்வீங்கம்மா?" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து புளோக் தோழியோடு கோயில், அப்புறம் காப்பிக்கடையில் ஆளுக்கொரு தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்), பேத்தி பள்ளி விட்டு வரும்வரை பேச்சு. "குழுவுல எப்பப் பாத்தாலும் சண்டை. இந்த வயசுல எனக்கு அது எதுக்கும்மா?"

இதற்கு மருந்து வேண்டாம். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் 1990களிலிருந்து சொல்லிவருவது இதுதான்: மீதியுள்ள காலம் கொஞ்சம்தான் என்று உணரும்போது, மனிதர்கள் புது அறிமுகங்களைத் தேடுவதைக் குறைத்து, மனதுக்கு நெருக்கமானவர்களோடு இருக்கவே விரும்புகிறார்கள். கடும் நோயோடு வாழ்ந்த இளைஞர்களிடமும் இதே மாற்றம் தெரிந்தது. ஆக, வயது மட்டும் காரணமல்ல. கோபம் வரும் இடத்துக்கே போகாமலிருப்பது பெரியவர்களுக்குக் கைவந்த கலை.

சரி, விலகிப்போக வழியே இல்லாதவர்கள்? மறதிநோய் வந்த மனைவியை மூவறை வீட்டில் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார் ஒரு 78 வயதுக் கணவர். மனைவி ஒரே கேள்வியை இருபது முறை கேட்கிறார். இருபத்தோராவது முறை இவர் கத்திவிடுகிறார், பிறகு சமையலறையில் நின்று அழுகிறார். வயது ஏற ஏற, ஒருமுறை எகிறிய ரத்த அழுத்தம் இறங்கவும் நேரம் பிடிக்கும். "வயசானா பக்குவம் வந்துடும்" என்று சொல்லிச் சொல்லியே, உதவி கேட்க அவரை வெட்கப்பட வைத்திருக்கிறோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம். அவருக்கு அறிவுரை தேவையில்லை. வாரத்தில் இரண்டு மதியமாவது வேறு யாராவது அந்த வீட்டில் இருந்தால் போதும்.

இன்னொரு வகை அமைதிதான் என்னைப் பயமுறுத்துகிறது. "அப்பா இப்ப சாந்தமாயிட்டாரு" என்றார் ஒரு மகன். அந்த அப்பா தமிழ் முரசு நாளிதழை மடிப்புக்கூடப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தார். தேக்கா சந்தைக்குப் போவதில்லை, ஆசையாகச் சாப்பிட்ட ஆட்டுக்கறியும் வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் முட்டிவலி, பசியில்லை, தூக்கமில்லை என்பார். மனசு சரியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நம் பெரியவர்களின் மனச்சோர்வு பல நேரம் உடம்பு வழியாகத்தான் வெளியே வரும்.

அதனால் அம்மா அப்பா எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். எதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஈசூன் அம்மாவிடம் வெள்ளிக்கிழமை இருந்தது. இந்த அப்பாவிடம் எதுவுமே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால், மருத்துவரிடம் நீங்களும் கூடப் போய், வீட்டில் கண்டதைச் சொல்லுங்கள். நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.