அமுக்கமும் சுழலூட்டலும்: கம்ப்ரஷன், டர்போ என்னும் இரு சொற்கள்

எஞ்சினைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘கம்ப்ரஷன் ரேஷியோ’ என்பதைப் பலவேளை ‘அழுத்த விகிதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். எழுத்துப்பிழை போலச் சிறிதாகத் தோன்றினாலும், எஞ்சின் எப்படி ஆற்றல் தருகிறது என்ற புரிதலையே இது குழப்பிவிடும் என்பதால், இச்சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்ப்ரஷன் என்பதன் லத்தீன் மூலத்துக்குச் ‘சேர்த்து நெருக்குதல்’ என்று பொருள். தமிழில் இதற்கு ஈடாக நிற்பது ‘அமுக்கம்’. கல்லை எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம், அது அமுங்காது. பஞ்சு மெத்தை அமுங்கும். அழுத்தம் என்பது ஒரு பரப்பின்மேல் செயல்படும் விசையைச் சொல்கிறது; அமுங்குதலோ கொள்ளளவு சுருங்குவதைச் சொல்கிறது. அன்றாடப் பேச்சிலேயே இவ்வளவு தெளிவாக இருக்கும் வேறுபாட்டை எழுத்தில் நாம் கைவிடலாகாது.

சிலிண்டர் என்னும் உருளைக்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டன் கீழ் எல்லையில் நிற்கும்போது அதன்மேல் 500 சிசி இடமும், மேல் எல்லைக்கு வந்ததும் 50 சிசி இடமும் இருக்குமானால், அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 10. இது இரண்டு கொள்ளளவுகளுக்கு இடையிலான விகிதம் மட்டுமே. அழுத்தம் பத்து மடங்கோடு நிற்பதில்லை. அமுக்கப்படும் காற்று சூடாவதால், வெப்பம் வெளியே கசியாது என்று வைத்துக் கணக்கிட்டால், அழுத்தம் ஏறத்தாழ 25 மடங்காகிறது. 27 டிகிரி செல்சியஸில் உள்ளே வந்த காற்று 480 டிகிரியை எட்டுகிறது. ‘அழுத்த விகிதம்’ என்று எழுதினால் படிப்பவர் எந்த எண்ணை எடுத்துக்கொள்வார்? பணிமனையில் ‘கம்ப்ரஷன் இல்லை’ என்று சொல்லும்போது குறிக்கப்படுவது இன்னொன்று: பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்து, அமுக்கிய காற்று கசிந்து, அளவுமானியில் அழுத்தம் குறைவாகக் காட்டுவது. அங்கே விகிதம் மாறவில்லை, அழுத்தம்தான் குறைந்திருக்கிறது.

அமுக்க விகிதம் கூடினால், அதே எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது. உராய்வையும் வெப்ப இழப்பையும் ஒதுக்கிய கோட்பாட்டுக் கணக்கில், விகிதம் 8 என்றால் திறன் (எரிபொருளின் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு) 56 விழுக்காட்டுக்குச் சற்று மேல்; 10 என்றால் 60; 12 என்றால் 63. உண்மையான எஞ்சின்கள் இதற்கு வெகு கீழேயே நிற்கும் என்றாலும், விகிதம் உயர உயர ஆதாயம் சுருங்கும் போக்கை இந்த எண்களிலேயே காணலாம்.

இனி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவியான டர்போ. லத்தீனில் ‘டர்போ’ என்றால் பம்பரம், சுழற்காற்று. அதிலிருந்து ‘டர்பைன்’ என்ற சொல்லை 1822-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கிளாட் பூர்டின் உருவாக்கினார். தமிழில் அது சுழலி. கழற்றிவைத்த டர்போவைக் கையில் எடுத்தவருக்கு இப்பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். ஒரே தண்டின் இரு முனைகளிலும் உள்ளங்கையில் அடங்கும் இரு சக்கரங்கள் இருக்கும். ஒன்று கரி படிந்து கறுத்தும், மற்றொன்று அலுமினியப் பளபளப்போடும் காணப்படும். வெளியேறும் புகை கறுத்த சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டில் உள்ள மற்றது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கும் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலும். வீணாகப் போகவிருந்த புகையின் ஆற்றலைப் பயன்படுத்தும் இந்த ஏற்பாட்டுக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

டர்போவின் முழுப்பெயர் ‘டர்போசார்ஜர்’. அதன் பிற்பகுதியில் உள்ள ‘சார்ஜ்’, வண்டியில் சுமை ஏற்றுதலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘கார்’ என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். ஆனால் தமிழில் ‘ஏற்றி’ என்றால் மின்னேற்றம் நினைவுக்கு வந்துவிடுகிறது. எனவே ‘ஊட்டு’ என்ற வினையையே நான் பரிந்துரைக்கிறேன். உண் என்பது தன்வினை, ஊட்டு என்பது பிறவினை. டர்போ இல்லாத எஞ்சின், பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தால் தானே காற்றை உண்கிறது. டர்போ உள்ள எஞ்சினுக்குக் காற்று ஊட்டப்படுகிறது. ஆகவே டர்போசார்ஜர் ‘சுழலூட்டி’. எஞ்சின் தண்டிலிருந்தே விசையைப் பெற்று இயங்கும் சூப்பர்சார்ஜர் ‘மிகையூட்டி’. ‘அழுத்த விகிதம்’ என்ற சொல்லுக்கும் இங்கேதான் உரிய இடம் இருக்கிறது: சுழலூட்டியை விட்டு வெளியேறும் காற்றின் அழுத்தத்தை, உள்ளே நுழையும் காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிடும் எண் அது. அந்த எண் 2 ஆக இருந்து, காற்றை இடையில் நன்றாகக் குளிர்வித்தும் விட்டால், சிலிண்டருக்குள் ஏறத்தாழ இரு மடங்கு காற்று புகும். அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம், விசையும் பெருகும்.

இந்த இரு விகிதங்களையும் ஒருசேர உயர்த்திக்கொண்டே போக முடியாது. ஏற்கெனவே அழுத்தமும் சூடும் ஏறிய காற்றைப் பிஸ்டன் மேலும் அமுக்கும்போது, தீச்சுடர் வந்து சேர்வதற்கு முன்பே மிஞ்சிய காற்று-பெட்ரோல் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். ‘நாக்கிங்’ எனப்படும் இந்தத் தட்டல் பிஸ்டனையே உடைக்கவல்லது. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், சுழலூட்டியோடு 10.25 என்ற உயர்ந்த அமுக்க விகிதத்தையும் வைத்துக்கொண்டு, தட்டலைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் செலுத்தியது. திரவம் தீர்ந்தால் ஊட்டும் அழுத்தம் மட்டுப்படுத்தப்பட்டது. இன்று இடைக்குளிர்விப்பானும், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறையும் அந்தச் சுமையைப் பெருமளவு தாங்குகின்றன. டீசல் எஞ்சினில் முதலில் அமுக்கப்படுவது காற்று மட்டுமே என்பதால் இந்தத் தடை அங்கே இல்லை. உயர்ந்த அமுக்க விகிதமும் சுழலூட்டியும் அதில் இயல்பாகவே சேர்ந்து இருக்கின்றன.

‘டர்போ லேக்’ என்பதற்குச் ‘சுணக்கம்’ என்ற பழகிய சொல்லே போதும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் புகை பெருகி, சக்கரம் வேகமெடுத்து, காற்று நிறைந்து வருவதற்குள் கழியும் அந்தச் சிறு பொழுதே சுழலூட்டியின் சுணக்கம். சக்கரம் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருந்தால் அதுவும் குறையும்.