சாவி எங்கே இருக்கிறது?

போன வருடம் ஒரு நிறுவனத்துக்குப் பாதுகாப்புத் தணிக்கைக்காகப் போயிருந்தேன். பேக்கப் எல்லாம் ஏஇஎஸ் 256-இல், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி தகவலை மாற்றிவிடும் மறையாக்க முறையில், பூட்டி வைத்திருக்கிறோம் என்றார்கள். சரிதான், அதன் சாவி எதுவென்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உடைக்க உலகத்துக் கணினிகள் அத்தனையும் சேர்ந்தாலும் ஆகாது. ஹார்ட் டிஸ்கைச் செருகித் திறந்தேன். பேக்கப் இருந்த அதே ஃபோல்டரில், அடுத்த வரியிலேயே சாவி ஃபைல் இருந்தது. டிஸ்கைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்குப் பூட்டும் சாவியும் ஒன்றாகவே கிடைக்கும்.

உடைக்கவே முடியாத மறையாக்கம் உண்டா என்று பயிற்சி வகுப்புகளில் கேட்பார்கள். உண்டு. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் அதைக் கணிதமாகவே நிறுவினார். ஆனால் செய்தி எவ்வளவு நீளமோ, சாவியும் அவ்வளவு நீளம் இருக்க வேண்டும். எந்த ஒழுங்கும் இல்லாமல் தற்செயலாக அமைய வேண்டும். ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

சோவியத் உளவுத்துறை இந்த முறையைத்தான் கையாண்டது. 1942 தொடக்கத்தில், போர் நெருக்கடியில், சாவித் தாள்களில் 35,000-க்கும் மேற்பட்ட பக்கங்களை மறுபடியும் அச்சிட்டுவிட்டார்கள். அதனால் ஒரே சாவி வெவ்வேறு செய்திகளுக்குப் பயன்பட்டது. ஒரே சாவியில் பூட்டிய இரண்டு செய்திகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் சாவி காணாமல் போய்விடும். செய்திகளுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும் மிஞ்சும். சோவியத் செய்திகளை உடைக்க அமெரிக்கா வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் ஹாலில் 1943-இல் தொடங்கிய வெனோனா என்ற ரகசியப் பணியில், அந்த மிச்சத்தை வைத்தே வருடக்கணக்காக உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகப் பிரித்தெடுத்தார்கள். அணுகுண்டு ரகசியம் கடத்திய கிளாஸ் ஃபுக்ஸ் அதில்தான் சிக்கினார். ஷானனின் தேற்றத்தில் ஒரு கீறலும் விழவில்லை. அது கேட்ட நிபந்தனையை அச்சுக்கூடம்தான் காப்பாற்றவில்லை.

2008-இல் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் தெரியவந்த பிழையில் தற்செயல்தான் காணாமல் போயிருந்தது. சாவிகளை உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த ஒரு சிறிய மாற்றத்தால் ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சுமார் 32,000 வாய்ப்புகளே மிஞ்சின.

அந்த நிறுவனத்து நிர்வாகி, "சாவியை வேறு இடத்துக்கு மாத்திட்டா போதும்ல சார்?" என்று கேட்டார். போதாது. அலமாரியில் இன்னும் நான்கு பழைய டிஸ்குகள் இருந்தன. நான்கிலும் அதே சாவி. புதுச் சாவி உருவாக்கி, தேவையான பேக்கப்பை மறுபடி பூட்டி, பழைய டிஸ்குகளை அழிக்க மூன்று நாள் பிடித்தது. உங்கள் பேக்கப் டிஸ்கையும் இன்றைக்கே ஒரு தடவை செருகிப் பாருங்கள். அலமாரியில் கிடக்கும் பழையதையும் சேர்த்து.