‘இருந்தாலும்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த உடல்கள்

“கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று தன்னைப் பற்றி அப்பத்தா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வார் என்று, ஆலோசனைக்கு வந்த 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொன்னார். அப்பத்தா மீது அவருக்குக் கோபம் இல்லை. தன்னைத் தூக்கி வளர்த்தவர் என்று கண்கலங்கச் சொன்ன அதே மாணவி, அந்தப் பாராட்டிலிருந்து ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பல ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்தார். வீட்டு விசேஷங்களில் புகைப்படத்துக்கு நிற்பதை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கத்திரி வெயிலிலும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியபடியே வந்து அமர்ந்தார். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

மருத்துவ உளவியலாளராக 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். “என் உடம்பைப் பிடிக்கவில்லை” என்று நேரடியாகச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் மிகக் குறைவு. தூக்கமின்மை, தேர்வு பயம், கல்லூரிக்குப் போக விருப்பமின்மை, கணவரோடு நெருக்கமின்மை என்று வேறு ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லித்தான் வருவார்கள். மூன்றாவது அல்லது நான்காவது சந்திப்பில்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு, வயிற்றைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ மீசைபோல வளரும் முடியைப் பற்றியோ பேசத் தொடங்குவார்கள்.

நம் உடலைப் பற்றி நம் மனத்துக்குள் நாமே வரைந்து வைத்திருக்கும் படத்தைத்தான் உடல் பிம்பம் என்கிறோம். வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் பால் ஷில்டர் 1935-ஆம் ஆண்டிலேயே இந்தக் கருத்தை விரிவாக எழுதினார். அந்தப் படம் கண்ணாடியில் தெரியும் உருவத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே உயரமும் ஒரே எடையும் கொண்ட இரண்டு பெண்களில் ஒருவர் தன் உடலைப் பற்றி நாள் முழுவதும் நினைக்காமலே வேலை பார்க்கிறார். மற்றவர் பேருந்தில் எந்த இருக்கையில் உட்கார்ந்தால் தொடை அகலமாகத் தெரியாது என்று கணக்குப் போட்டபடியே பயணம் செய்கிறார். இந்த வேறுபாடு அவர்கள் உடலில் இல்லை என்பதால், உடலை மட்டும் மாற்றி அதைச் சரிசெய்ய முடிவதும் இல்லை.

இந்தப் படத்தை வரையும் வேலை நம் ஊரில் குழந்தை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ கலந்த பால் கொடுக்கிறோம். பிறந்த குழந்தையின் காது மடலைப் புரட்டிப் பார்த்து, வளர்ந்த பிறகு என்ன நிறமாகும் என்று கணிக்கிறோம். தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்ற நிறமி. அதைச் சுரக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் பரவலும்தான் வேறுபடுகின்றன. அது பெற்றோரின் மரபணுக்களில் எழுதப்பட்டது. குங்குமப்பூவுக்கு அங்கே வேலை இல்லை.

பிறகு வளர வளர, “என்னம்மா இப்படி இளைச்சுட்டே”, “கல்யாணம் ஆனதும் நல்லா பூசிட்டே”, “ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலையா, எலும்பும் தோலுமா வந்திருக்கே” என்று, பார்த்தவுடன் உடலை அளந்து சொல்வதே நம்மிடையே நலம் விசாரிக்கும் முறையாகிவிட்டது. சொல்பவர்களில் பெரும்பாலானோர் அன்பால்தான் சொல்கிறார்கள். உணவு அரிதாக இருந்த காலத்தில் இளைத்துப் போவது நோயின் அடையாளமாக இருந்ததால், அந்தக் கேள்விக்கு அன்று உண்மையான அக்கறை என்ற பொருள் இருந்திருக்கும். ஆனால் இன்று கேட்கும் குழந்தைக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு: நான் என்ன படிக்கிறேன், எப்படி இருக்கிறேன் என்பதற்கெல்லாம் முன்பாக என் உடல்தான் மதிப்பிடப்படும் என்று அது புரிந்துகொள்கிறது.

இது வீட்டோடு நிற்பதில்லை. ஃபிஜித் தீவுகளில் மானுடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆன் பெக்கர் செய்த ஆய்வை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். சதைப்பிடிப்பான உடலும் நல்ல உணவும் மதிக்கப்பட்ட அந்தச் சமூகத்தின் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அந்த ஆண்டிலும், பிறகு 1998-லும் அங்கிருந்த பள்ளி மாணவிகளிடம் ஆய்வு நடந்தது. எடையைக் குறைக்க வலிந்து வாந்தி எடுப்பதாக முதல் ஆய்வில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 11.3 சதவீத மாணவிகள் அவ்வாறு செய்வதாகச் சொன்னார்கள். உடல் வெறுப்பு என்பது ஒருவருடைய தனிப்பட்ட அகம்பாவமோ பலவீனமோ அல்ல, கற்றுக்கொள்ளப்படுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மீண்டும் அந்த மாணவியிடம் வருகிறேன். அவர் துப்பட்டாவால் மறைத்தது கழுத்தின் பின்புறத்திலிருந்த கருமையை. “அழுக்கு, ஒழுங்கா தேய்ச்சுக் குளி” என்று பள்ளியில் ஓர் ஆசிரியர் சொன்னதிலிருந்து, பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பது, எலுமிச்சைச் சாறு பூசுவது, கடலை மாவும் தயிரும் போடுவது என்று தினமும் அரைமணி நேரம் கழுத்தோடு போராடியிருக்கிறார். தோல் புண்ணாகி, ஆறி, முன்பைவிடக் கறுத்தது. அது அழுக்கே அல்ல. வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுக்கும் இந்த மாற்றத்துக்கு மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நிக்ரிக்கன்ஸ் என்று பெயர். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடல்களில் இது அடிக்கடி தோன்றுகிறது; மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது ஆகியவற்றோடு சேர்ந்து வந்தால் பி.சி.ஓ.எஸ். எனப்படும் ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவரைப் பொதுநல மருத்துவரிடம் அனுப்பினேன். அங்கே அதுவே உறுதியானது. உதவி தேவை என்று உடல் காட்டிய அறிகுறியை, வெட்கப்பட வேண்டிய அழுக்கு என்று நாம் எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

இதே வெட்கம்தான் பலரை மருந்துக் கடையின் சிவப்பழகுக் களிம்புகளிடம் கொண்டுசெல்கிறது. ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின் மூன்றும் கலந்த களிம்புகளைத் தோல் மருத்துவர்கள் குறிப்பிட்ட நோய்களுக்குக் குறுகிய காலத்துக்குத் தருவார்கள். அவற்றை முகப்பூச்சுபோல மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, பருக்களும் முடியும் பெருகும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் மீண்டும் அதையே பூசுவார்கள். 2018-இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆயினும் சீட்டில்லாமல் வாங்கியவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். இப்படி ஒன்றைப் பயன்படுத்துபவர்கள் வெட்கப்படாமல் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் தாங்களாகச் சொல்வதில்லை. ‘ஓமக்குச்சி’ என்று பள்ளி முழுவதும் அழைக்கப்பட்ட ஓர் இளைஞர், ஒல்லியாகத் தெரியக் கூடாது என்பதற்காகச் சட்டைக்குள் இரண்டு பனியன்கள் அணிந்து வந்தார். ஜிம்மில் யாரோ பரிந்துரைத்த ஊசிகளையும் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். தசை வளர்ப்பதற்கான ஸ்டீராய்டு ஊசிகள் விரைகளைச் சுருக்கி விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், இதயத்தையும் பாதிக்கும். அவருடைய கைகள் அப்போதே என் கைகளைவிட இருமடங்கு பருமனாக இருந்தன. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு அன்புள்ளவர்கள் இயல்பாகச் செய்வது ஆறுதல் சொல்வதுதான். “நீ அழகாத்தான் இருக்கே, யார் சொன்னா?” என்பார்கள். என் அனுபவத்தில் மிகக் குறைவாகப் பயன்தருவது இதுவே. அந்த மாணவியின் தாய் ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் இந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பதிலும் கால்மணி நேரம் நிம்மதி தந்தது; பிறகு சந்தேகம் முன்பைவிட வலுவாகத் திரும்பியது. கண்ணாடி பார்ப்பதும், கைப்பேசியின் கருந்திரையில் முகத்தைச் சரிபார்ப்பதும், இடுப்பைக் கிள்ளிப் பார்ப்பதும், மறைப்பதும் இதே வகைதான். சரிபார்க்கச் சரிபார்க்க, சரிபார்க்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை வளர்கிறது. ஆகவே “நான் அழகா?” என்ற கேள்விக்கு நல்ல பதில் தேடுவதை விட்டுவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்கும் தடவைகளைக் குறைப்பதையே நான் சிகிச்சையின் தொடக்கமாக வைக்கிறேன்.

முதல் வாரம் அவர் எதையும் மாற்றவில்லை; எண்ண மட்டும் செய்தார். ஒரு நாளில் 40 முறைக்கு மேல் கண்ணாடியோ கேமராவோ பார்த்திருந்தார். அடுத்த வாரங்களில் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரம் மட்டும் என்று குறைத்தோம். பார்க்கும் முறையையும் மாற்றினோம். மூக்கு கண்ணாடியில் உரசும் அளவுக்கு நெருங்கி ஒரே இடத்தை உற்றுப் பார்க்காமல், ஒரு கை தூரத்தில் நின்று, தலை முதல் கால் வரை முழு உருவத்தையும் பார்த்து, தீர்ப்புச் சொற்கள் இல்லாமல் விவரிக்கச் சொன்னேன். ‘அசிங்கமான கழுத்து’ என்ற சொல்லுக்குப் பதிலாக, ‘முகத்தைவிடச் சற்று அடர்ந்த நிறம், மேலே இரண்டு மடிப்புக் கோடுகள்’ என்பது போல. தொடக்கத்தில் அவர் அழுதார். மூன்றாம் வாரத்தில் அந்தப் பயிற்சி சலிப்பாக இருக்கிறது என்றார். அந்தச் சலிப்பு எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

செல்ஃபியைப் பற்றி ஒரு செய்தி அவருக்கு உதவியது. ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் படத்தில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அருகிலிருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும் என்ற எளிய ஒளியியல் விதிதான் காரணம். வேறெவரும் அந்தத் தூரத்தில் நின்று நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்து, ஒத்திப்போட்டவற்றின் பட்டியலைத் தயாரித்தோம். “கழுத்து சரியான பிறகு”, “ஐந்து கிலோ குறைந்த பிறகு” என்று தள்ளிவைத்த எல்லாவற்றையும் எழுதச் சொன்னால், பெரும்பாலானவர்கள் தங்கள் பட்டியலின் நீளத்தைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். தலைமுடியைத் தூக்கிக் கட்டுவது, நீச்சல் கற்பது, சரியான அளவில் துணி தைப்பது, வகுப்பில் எழுந்து பேசுவது, அத்தை மகளின் திருமணத்துக்குப் போவது. குறைந்த பயம் தரும் ஒன்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் இப்போதைய உடலோடு செய்ய வேண்டும். இப்போதைய அளவுக்கு இரண்டு நல்ல உடைகளைத் தைத்துக்கொள்வதை நான் எப்போதும் வலியுறுத்துவேன், ஏனென்றால் இறுக்கமான பழைய துணி நாள் முழுவதும் இடுப்பைப் பிடித்துக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இந்த இடத்தில் பெற்றோர் கேட்பது ஒன்று உண்டு: உடலை ஏற்றுக்கொள் என்றால் எடையைக் கவனிக்காமல் விடச் சொல்கிறீர்களா? நியாயமான கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு அந்நோய் வருவதால், உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணக்கிடும் உடல் நிறை குறியீடு 23-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் வெட்கம் யாரையும் நடைப்பயிற்சிக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. தெருவில் யாராவது பார்ப்பார்கள் என்று நடக்காமல் இருப்பவர்களையும், எடைக் கருவியில் ஏறச் சொல்வார்களே என்று சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களையும், காலை உணவைத் தவிர்த்து இரவில் கட்டுப்பாடிழந்து உண்பவர்களையும்தான் அது உருவாக்குகிறது. அந்த மாணவி பி.சி.ஓ.எஸ். சிகிச்சையை ஒழுங்காகத் தொடங்கியதே கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்திய பிறகுதான்.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது எளிது, ஆனால் பழக்கத்துக்கு எதிரானது. பிள்ளையைப் பார்த்தவுடன் உடலைப் பற்றிப் பேசுவதை நிறுத்த வேண்டும். பாராட்டையும் சேர்த்தே சொல்கிறேன். தாய் தன் வயிற்றைத் தானே பழித்துக்கொள்வதையும் மகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். “நல்லா இருக்கேனா?” என்று பத்தாவது முறை கேட்கும்போது, “இதுக்குப் பதில் சொன்னா உனக்குக் கஷ்டம்தான் கூடும்னு பேசியிருக்கோம்ல, வா, காபி போடலாம்” என்று முன்பே ஒத்துக்கொண்ட பதிலைச் சொல்லலாம். உறவினர் யாராவது எடையைப் பற்றிப் பேசினால், அங்கேயே பெற்றோர் பேச்சை மாற்ற வேண்டும். அதைச் சமாளிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடக் கூடாது.

தோற்றத்தைப் பற்றிய எண்ணம் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டால், அதனால் படிப்போ வேலையோ நின்றால், வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, ஒன்று முடிந்தவுடன் மற்றொரு அழகு அறுவை சிகிச்சை தேடுவது என்று போனால், அது சாதாரணக் கவலை அல்ல. 1891-இலேயே இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி விவரித்த, பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையைப் பெரிதாக எண்ணித் தவிக்கவைக்கும், இன்று பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் எனப்படும் நோயாகவோ, உணவு உண்ணும் கோளாறாகவோ அது இருக்கலாம். முதல் நோய் சுமார் நூற்றில் இருவருக்கு இருக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் வருகிறது. பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்குகிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மனநல மருத்துவர் தரும் மருந்துகளும் நன்கு பயனளிக்கின்றன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்.

அத்தை மகளின் திருமணம் ஆவணியில் நடந்தது. அந்த மாணவி கொண்டை போட்டுப் பூ வைத்துக்கொண்டு போனதாகச் சொன்னார். முதல் அரைமணி நேரம் எல்லோரும் தன் கழுத்தையே பார்ப்பதாகத் தோன்றியதாம். பிறகு பந்தியில் ஆள் குறைவு என்று யாரோ கூப்பிட, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. மேடையில் குடும்பத்தோடு நின்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் வாங்கிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். சற்று யோசித்தார். அந்தப் படத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றார்.